வெட்டுக்கோடு

வருஷத்துக்கு ஒருதரம் லைசென்ஸ் புதுப்பிக்க
பல் டாக்டர் அருளம்பலம்
பகாவ் போலீஸ் நிலையத்துக்கு வருவார்.
ஒரு கையில் குடை. மறு கையில்
தூங்குகிற பிள்ளையைத் தூக்கினாற்போல்
பெட்டி.

முகப்பில் பாரம் நிரப்புகிறவள் நான்.
எண் கேட்பேன். பார்க்காமலே சொல்வார்.
பயன்பாடு என்கிற கட்டத்தில்
என்ன எழுத, டாக்டர்?
"பார்க்கிறதுக்கு" என்பார், ஒவ்வொரு வருஷமும்.

ஏழு ரிவால்வர். ஏழுக்கும் வெல்வெட் குழி.
எங்கோ ஒரு ரயில்பாதை முடிந்த நாள்,
ஏதோ ஒரு பட்டாளத்தின் இருநூறாவது வருஷம்,
ஒரு துறைமுகம், ஒரு பாலம்.
எதுவும் இதுவரை சுட்டதில்லை.
சுடுவது கிடக்கட்டும்,
உருளையைச் சுற்றவே கூடாதாம்.
ஒரு சுற்றுக்கு
நீல எஃகில் மயிர் போல ஒரு கோடு விழும்.
கோடு விழுந்தால் பாதி விலை.

மாற்றலாகி வந்த கோப்ரல் ஹாலிம்
குண்டு இருக்கிறதா பார்க்க விரல் வைத்தார்.
டாக்டர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.
இந்த ஊரில் பாதிப் பேருக்குக்
கடைவாய் பிடுங்கிய மனுஷன்
அன்று "மெதுவா, மெதுவா" என்று கெஞ்சினார்.
அதற்குப் பிறகு
முன்னாலிருந்து டார்ச் அடித்துத்தான் பார்க்கிறார்கள்.

இந்த வருஷம் எட்டாவது.
"இது நம்ம ஊருது" என்றார், குரலில் வெல்லம்.
தோட்டத்துக் கம்பெனிக்கு நூறு வயசானபோது
துரைமார்களுக்கென்று
சீமையில் பன்னிரண்டு செய்தார்களாம்.
உருளையைச் சுற்றி ரப்பர் காடு,
ஆணியை விட மெல்லிய மரங்கள், நிரை நிரையாய்.
நடுவில் ஒருத்தி.
தலைத்துண்டு, முதுகு. முகம் இல்லை.
குனிந்து பால் வெட்டுகிறாள்.
மங்கு கூட இருக்கிறது.

பூதக்கண்ணாடியை நீட்டினார்.
பதினாலிலிருந்து பத்தொன்பது வரை
அம்மா நிரையில் உளி பிடித்த கை,
எனக்கு முன்னால் அதுதான் கண்டது.

டாக்டர், வெட்டு தப்பு.

இடப்பக்கம் மேலே தொடங்கி
வலப்பக்கம் கீழே இறங்கணும்.
இவளுது எதிர்ப்பக்கம் சரியுது.
செதுக்கினவன் பால்மரத்தையே பார்த்ததில்லை.

முகம் வாடும் என்று நினைத்தேன்.
மலர்ந்தது.
பன்னிரண்டில் மூன்றில் ஒரு பிழை என்று
கேள்விப்பட்டிருக்கிறாராம்.
என்ன பிழையென்று ஒருத்தருக்கும் தெரியாதாம்.
பிழை உள்ளதற்கு
இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கூட.

எங்கள் தோட்டத்தில்
உளி கொஞ்சம் ஆழம் போனால்
கங்காணி காயத்தில் சுண்ணாம்பு தடவி அடையாளம் வைப்பார்.
செக்ரோலில் அம்மாவுக்கு அரைப்பேர்.
நூறாவது வருஷத்துக்கு எங்களுக்கு
வீட்டுக்கொரு பிஸ்கட் டின்.
மூடியில் இதே காடு, ஆள் இல்லாமல்.
அம்மா அதில் ஊசி நூல் வைத்தாள்,
பிறகு சிவப்பு அடையாள அட்டைகள்,
பிறகு ஆஸ்பத்திரிச் சீட்டுகள்.
திறந்து திறந்து மூடி தொளதொளத்துவிட்டது.
அதற்கு என்ன விலை என்று
நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

"உனக்கு ஏதாவது செய்யணுமே" என்றார்.
ஒரே ஒரு தரம் சுற்றிப் பார்க்கணும், டாக்டர்.
மேல் சட்டத்துக்கு அடியில்
கொஞ்சம் காடு மறைந்திருக்கிறது.
அடுத்த மரம் அங்கேதான் இருக்கும்.
அதிலாவது சரியாக வெட்டியிருக்கிறாளா,
அல்லது நிரை முடிந்து
வாளி எடுத்துவிட்டாளா.

மின்விசிறி ஓடியது.
ஹாலிம் பேனாவை மூடினார், திறந்தார்.
டாக்டர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்,
வெகு நேரம்.

பிறகு பெட்டியைச் சாத்தினார், சத்தமில்லாமல்.
கட்டத்தில் எழுதினேன்: பார்க்கிறதுக்கு.

செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்,
காசில்லாமல்
பல்லை அடைத்துத் தருகிறேன் என்று.